முதலில் அது டீ கிளாஸ்

2018 செப்டம்பர் கடைசியில் ‘பரியேறும் பெருமாள்’ வெளிவந்தது. முதல் வாரமே பார்த்துவிட்டு வந்து, இரவோடு இரவாக உட்கார்ந்து ஒரு நீளமான பதிவு எழுதினேன். படத்தில் உள்ள குறியீடுகள், எண் போட்டு, இருபத்துச் சொச்சம். கருப்பி என்ற நாய்: ஒடுக்கப்பட்ட மக்கள். ரயில்: அதிகாரம். கடைசிக் காட்சியில் வரும் இரண்டு டீ கிளாஸும் நடுவில் இருக்கும் பூவும்: இரண்டு சாதிகள், நடுவே காதல். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். ‘செம டீகோடிங் ப்ரோ’ என்று வந்ததையெல்லாம் நானே பத்துத் தடவை படித்திருப்பேன்.

திருநெல்வேலிப் பக்கத்து நண்பன் ஒருவன் மட்டும் போனில் கூப்பிட்டான். “நல்லாத்தாம்ல எழுதியிருக்க. ஆனா அது டீ கிளாஸ்லே” என்றான். எனக்குப் புரியவில்லை. “எங்க தாத்தாவுக்கு டீக்கடையில சிரட்டையிலதான் ஊத்துவாங்க. எங்கப்பா காலத்துல கிளாஸ் வந்துச்சு. ஆனா தனி கிளாஸ். குடிச்சிட்டு அவரே கழுவி வைக்கணும். நீ பாட்டுக்கு ரெண்டு சாதிங்க, காதல்ங்க. அந்தக் கிளாஸப் பாத்ததும் எங்களுக்கு என்ன ஞாபகம் வரும்னு உனக்குத் தோணவே இல்லையாலே?”

தோணவே இல்லை. பதிவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இருபத்துச் சொச்சம் குறியீடுகளில் ‘இரட்டைக் குவளை’ என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. தமிழ்நாட்டு டீக்கடைகளில் இருந்த, சில இடங்களில் இன்னும் ஒழியாத ஒரு வழக்கத்தை, அதன் பெயரைக்கூடச் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறேன். அதுவும் சாதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே.

குறியீடு தேடும் நம் பழக்கத்தின் மேல் எனக்குள்ள கோபம் அங்கேதான் ஆரம்பித்தது. அது என் மேல் உள்ள கோபமும்தான்.

பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று பெரிதாக ஆராய வேண்டியதில்லை. ‘ஆசிரியர் கூற வருவது யாது?’ என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதி வளர்ந்தவர்கள் நாம். கதை ஒரு பூட்டு, சாவி நோட்ஸில் இருக்கும். இப்போது நோட்ஸுக்குப் பதில் ‘நீங்கள் கவனிக்காத 15 விஷயங்கள்’ வீடியோ. அதில் சிவப்பு வந்தால் ஆபத்து, கண்ணாடி வந்தால் பிளவுபட்ட மனம், மழை வந்தால் மாற்றம். மழை வந்தால் நனையும் என்று எவனாவது சொல்லியிருக்கிறானா?

கருப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு வேட்டை நாய். தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்கிறார்கள். அதை வளர்த்தவர்கள் மனிதச் சாவுக்குச் செய்வதுபோல எடுத்துப்போய் அடக்கம் செய்கிறார்கள். ‘நாய் என்பது ஒடுக்கப்பட்ட மக்கள்’ என்று எழுதிய அடுத்த நொடி என்ன ஆகிறது? நாய் காணாமல் போகிறது. ஒருவனைப் பழிவாங்க அவன் நாயைக் கட்டிப்போட்டு ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் என்ன மாதிரி மனிதர்கள் என்ற கேள்வியும் கூடவே போய்விடுகிறது. ‘ஒடுக்கப்பட்ட மக்கள்’ என்று எழுதும்போது கை நடுங்காது. அந்தக் கயிற்றை யார் முடிச்சுப் போட்டார்கள் என்று யோசித்தால் நடுங்கும், ஏனென்றால் அப்படிப்பட்ட ஆள் நம் சொந்தக்காரர்களில்கூட இருக்கலாம். குறியீட்டுக்கு யாரும் சொந்தக்காரர் கிடையாது. அதுதான் அதில் கிடைக்கும் சௌகரியம்.

இலக்கியத்திலும் இதே கதைதான். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைக் கல்லூரிக் காலத்தில் முதல்முறை வாசித்தேன். தண்ணீர் என்றால் அன்பு, வறட்சி என்றால் உறவுகளின் வறட்சி. முடிந்தது கதை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வற்றிப்போய், சென்னையில் தெருத்தெருவாக லாரிக்குக் காத்திருந்தோம். அந்த வாரத்தில் அதை மறுபடி எடுத்தேன். ஜமுனா அங்கே குடத்தோடு இருந்தாள். சினிமா ஆசை காட்டித் தன்னைப் பயன்படுத்திக்கொள்ளும் பாஸ்கர் ராவோடு போய்வருகிற பெண். தெரு அவளைப் பற்றி என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஊர் வாய்க்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிட முடியாது. தண்ணீர் வேண்டுமே. அதே தெருவுக்குள் இறங்கி, அதே முகங்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். அவமானமும் தாகமும் ஒரே வரிசையில் நிற்பதை அசோகமித்திரன் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. எனக்கு அது லாரிக்குப் பின்னால் பிளாஸ்டிக் குடத்தோடு நின்றபோதுதான் உறைத்தது. ‘தண்ணீர் = அன்பு’ என்ற சமன்பாட்டில் இந்தத் தெருவுக்கு இடமே இல்லை.

இதைச் சொன்னதும் யாராவது சூசன் சொன்டாக்கைக் கொண்டுவருவார்கள். ‘அகெய்ன்ஸ்ட் இன்டர்பிரடேஷன்’, 1964. நல்ல கட்டுரை, கோபமான கட்டுரை. ஆனால் அவர் கேட்டது வேறு. பொருள் தோண்டுவதை விடு, கலையைப் புலன்களால் அனுபவி என்பது அவர் கட்சி. எனக்கு அவ்வளவு தூரம் போக முடியாது. டீ கிளாஸின் மினுமினுப்பை ரசித்துவிட்டு வா என்றா என் நண்பன் சொன்னான்? அந்தக் கிளாஸுக்குள் இருக்கும் மூன்று தலைமுறையைப் பார் என்றான். பொருள் வேண்டும்தான். ஆனால் அது அந்தப் பண்டத்துக்குள்ளிருந்து வர வேண்டும்.

இதற்கு நியூயார்க் வரை போகவும் வேண்டாம். தொல்காப்பியம் உள்ளுறை உவமத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நிபந்தனை போடுகிறது: கருப்பொருளை வைத்துத்தான் உள்ளுறை அமைய வேண்டும், அதிலும் தெய்வத்தை விலக்கிவிட வேண்டும். அதாவது விலங்கு, பறவை, மரம், பூ என்று அந்த நிலத்தில் கண்ணுக்குத் தெரிகிறவை. எருமை என்ன மேயும், எந்தச் சேற்றில் இறங்கும் என்று தெரியாதவனுக்கு மருதத்தின் உள்ளுறை கிடைக்காது. மறைபொருளுக்கு இலக்கணம் வகுத்தவர்களே முதலில் எருமையைப் பார் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று, 25ஆவது. அவன் என்னைக் கூடிய அன்று வேறு யாரும் அங்கே இல்லை, அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தோழியிடம் கேட்கிறாள் ஒருத்தி. ஒரு குருகு மட்டும் இருந்ததாம். தினைத்தட்டை மாதிரி மெலிந்த கால், ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைத் தேடிக்கொண்டு. ‘குருகுதான் தலைவன், மீன்தான் தலைவி’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் குருகைத் தலைவனாக்கிவிட்டால் அந்த ஆற்றங்கரையில் இருந்த ஒரே சாட்சியும் போய்விடுகிறது. அவள் வயிற்றைப் பிசைவது வேறு விஷயம். அந்தப் பறவை அங்கேயே இருந்தது, ஆனால் இவளைப் பார்க்கவில்லை. அதற்கு மீன் வேலை. அது நிஜக் குருகாக, நிஜப் பசியோடு நின்றால்தான் அவள் தனிமை நமக்குத் தெரியும்.

‘அப்போ குறியீடே கிடையாதா? இயக்குநரே வைத்திருக்கிறாரே?’ என்று கேட்பீர்கள். வைக்கிறார்கள். கருப்பி நீல நிறத்தில் வருவது தற்செயலா என்ன? ‘காலா’வின் கடைசியில் கறுப்பும் சிவப்பும் நீலமும் திரையை நிறைப்பதைப் புரிந்துகொள்ள யாருக்கும் வீடியோ தேவையில்லை. அது கொடி பிடிப்பது. பட்டவர்த்தனமாகச் செய்கிறது, அதில் எனக்கு வழக்கில்லை. ‘கர்ணன்’ படத்தில் முன்னங்கால் கட்டப்பட்ட கழுதை வருகிறதே, அதுதான் எனக்கு முக்கியம். மேய விட்ட கழுதை தூரமாகப் போய்விடக் கூடாது என்று கால் கட்டுவது ஊர்ப்பக்கம் நிஜமாகவே செய்கிற வேலை. அந்தக் கயிறு எவ்வளவு சாதாரணம் என்று தெரிந்தவனுக்குத்தான் அதை அவிழ்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். மாரி செல்வராஜ் அதைத் தெரிந்து வைத்தவர். தெரியாமல் ‘கழுதை = சமூகம்’ என்று எழுதிக்கொண்டிருப்பவர்கள் நாம்.

என் பழைய பதிவை இன்னும் அழிக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது யாராவது தோண்டி எடுத்துப் பகிர்கிறார்கள். அது தன் கண்ணில் படும்போதெல்லாம் நண்பன், தான் நிற்கிற டீக்கடையில் இருந்து ஒரு கிளாஸைப் போட்டோ எடுத்து அனுப்புவான். கூட ஒரு வார்த்தையும் எழுத மாட்டான்.