துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே

‘பல்சர்’ என்றால் அபிராமத்தில் பைக்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், ஊருக்கு நேர் மேலேயே இன்னொரு பல்சர் இருக்கிறது. பொங்கல் சமயத்தில் ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடியில் மல்லாந்து படுங்கள். உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே, அங்கேதான்!

வெறும் கண்ணுக்குத் தெரியாது. இடத்தை மட்டும் பிடிக்கலாம். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் நிற்கும். அதற்கு வடமேற்கே செம்மையாக மின்னுவது ரோகிணி, ரிஷபத்தின் கண். அங்கிருந்து நீளும் இரண்டு கொம்புகளில், தெற்குக் கொம்பின் நுனியை ஒட்டி இருப்பது நண்டு நெபுலா.

1054-ம் ஆண்டு அங்கே ஒரு நட்சத்திரம் வெடித்தது. இங்கே கொப்பம் போர்க்களத்தில் ராஜாதிராஜ சோழன் யானை மேலேயே உயிர்விட்ட காலகட்டம் அது. வெடிப்பு 23 நாள்கள் பகலிலும் தெரிந்ததாகச் சீனர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சிதறிய வாயு இன்னும் விரிந்துகொண்டே போகிறது. நடுவில் மிஞ்சியது ஒரு நியூட்ரான் நட்சத்திரம். குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர்தான், ஒரு டவுன் பஸ் ரூட்டுக்குள் அடங்கிவிடும். எடையோ சூரியனைவிட அதிகம். நொடிக்கு 30 முறை சுற்றுகிறது. அந்தச் சுழற்சி மெல்ல மெல்லக் குறைய, இழக்கும் சக்திதான் சுற்றியுள்ள நெபுலாவை ஒளிர வைக்கிறது.

இதன் எக்ஸ்-ரே கதிர்களை நம் காற்று மண்டலம் தடுத்துவிடும். எவ்வளவு பெரிய டெலஸ்கோப்பைத் தரையில் வைத்தாலும் பயனில்லை, மேலே போயாக வேண்டும். 1999-ல் மேலே போன நாசாவின் ‘சந்திரா’ தொலைநோக்கி, பல்சரைச் சுற்றி வளையங்களையும் பீய்ச்சியடிக்கும் தாரைகளையும் படமெடுத்தது. அந்தப் பெயர் நம்ம சுப்ரமணியன் சந்திரசேகருடையது. எரிந்து முடிந்த நட்சத்திரம் ஓர் எடைக்கு மேல் தாங்காது என்று, 19 வயதில் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே கணக்குப் போட்டவர்.

இந்தியாவின் பங்கு 2015 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட். அது பார்த்தது படத்தை அல்ல, கதிரின் அதிர்வுத் திசையை. கொடிக்கயிற்றை ஒரு முனையில் பிடித்து உதறினால் அலை மேலும் கீழுமாகவோ, பக்கவாட்டிலோ போகும் இல்லையா? எக்ஸ்-ரே அலைகள் பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்ந்தால், அவை பிறந்த இடத்தின் காந்தப்புலம் எப்படி இருக்கிறது என்று ஊகிக்கலாம். பள்ளிப் புத்தகத்தில் படித்த ‘தளவிளைவு’ இதுதான்.

ஆஸ்ட்ரோசாட்டின் கருவி முக்கியமாக இதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனாலும் ஒன்றரை வருடம் விட்டுவிட்டு நண்டையே பார்த்தது. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகள் வரும். ஆச்சரியம் துடிப்பில் இல்லை. துடிப்பு இல்லாத இடைவெளியில், பல்சர் ஓய்ந்திருப்பதாக எல்லோரும் நினைத்த நேரத்தில், தளவிளைவு சடாரென்று மாறியது! பல்சர் எப்படி எக்ஸ்-ரேயை உமிழ்கிறது என்று அதுவரை சொல்லிவந்த எந்தக் கோட்பாடும் இதற்குச் சரியாகப் பொருந்தவில்லை. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சந்தோஷ் வடவாலே தலைமையிலான குழு 2017 நவம்பரில் ‘நேச்சர் அஸ்ட்ரானமி’ இதழில் இதை வெளியிட்டது.

அடுத்த முயற்சி 2024 ஜனவரி 1-ல் கிளம்பிய எக்ஸ்போசாட். பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகம் செய்த ‘போலிக்ஸ்’ கருவி அதில் இருக்கிறது. இது தளவிளைவை அளப்பதற்கென்றே செய்யப்பட்டது. ஜனவரி 15 முதல் 18 வரை அது நண்டு பல்சரைப் பார்த்து, துடிப்பைப் பதிவு செய்தது. அதாவது, ஊரெல்லாம் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தபோது, மேலே ஒரு கருவி ரிஷபத்தின் கொம்பு நுனியைக் கவனித்துக்கொண்டிருந்தது.

வந்து சேரும் எக்ஸ்-ரே துகள்கள் கொஞ்சம்தான். அதனால் மாதக்கணக்கில் சேர்த்தால்தான் அதிர்வுத் திசை பிடிபடும். ஆஸ்ட்ரோசாட் பார்த்ததைவிடக் குறைந்த ஆற்றல் கொண்ட கதிர்களிலும் அந்த இடைவெளியில் அதே மாற்றம் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.