சக்கரமும் ஸ்டெதஸ்கோப்பும்

அம்பத்தூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கேட்டிங் ஷூ மாட்டிக்கொண்டு சுற்றும் குட்டிப் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அதே பெண்கள் பத்தாம் வகுப்பு வந்ததும் எங்கே போகிறார்கள்? வேறெங்கே, ட்யூஷனுக்கு!

சென்னைப் பெண் ஆரத்தி கஸ்தூரி ராஜ் அப்படி விட்டுவிடவில்லை. மருத்துவமும் படித்தார், பந்தயத்திலும் ஓடினார். 2023 அக்டோபர் 2 அன்று சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில், பெண்கள் 3000 மீட்டர் தொடர் ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் இந்தியாவுக்கு வெண்கலம். உடன் ஓடியவர்கள் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஹீரல் சாது, சஞ்சனா பத்துலா. நேரம் 4 நிமிடம் 34.861 விநாடி. இந்தத் தொடர் ஓட்டத்தில் குச்சி கைமாற்றுவது கிடையாது. அடுத்து ஓடப்போகிறவரைப் பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டும். கொஞ்சம் பிசகினால் இருவரும் தரையில்!

சோகம் என்னவென்றால், சக்கர ஸ்கேட்டிங் பந்தயம் ஒலிம்பிக்கில் இல்லை. அமெரிக்காவின் எரின் ஜாக்சன் சக்கரத்திலிருந்து பனிக்கு மாறி, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 500 மீட்டர் தங்கம் வென்றார். நம்மூரில் ஐஸ் கிடைப்பது ஜூஸ் கடையில்தானே...

"ஒலிம்பிக்கே இல்லை, அப்புறம் எதற்கு?" என்பது வீட்டுக் கணக்கு. அந்த ஷூ விலை எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது, உண்மைதான். ஆனால் ஏற்கெனவே வாங்கிய ஷூவைப் பரணில் போடுவதில் என்ன லாபம்? படிப்பா, விளையாட்டா என்ற கேள்வியே தப்பு என்று ஆரத்தி காட்டிவிட்டார்.

பத்தாம் வகுப்பு ஒரு வருடம்தான். அதற்காக மகளின் சக்கரத்தைக் கழற்றாதீர்கள்!