ஒராபி பாஷாவைத் தோற்கடித்த படையில் இருந்தவர்கள்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையில் தரம் 10 பிள்ளைகள் சுவர்ப் பத்திரிகை ஒன்று தயாரித்தார்கள். தலைப்பு ஒராபி பாஷா. வழக்கம்போல எல்லாவற்றையும் போனில் தேடி எடுத்தார்கள். ஒரு மகன் கொண்டுவந்த பழைய சித்திரத்தில், பாலைவனத்தில் தலைப்பாகை கட்டிய குதிரைவீரர்கள் ஈட்டியோடு பாய்ந்து வருகிறார்கள். "சேர், இவங்க ஒராபி பாஷாட ஆக்களா?" என்று கேட்டான். இல்லை மகன், இவர்கள் வெள்ளைக்காரனுடைய படை என்றோம். "தாடியும் தலைப்பாகையுமா இருக்காங்களே சேர், முஸ்லிம்களா?"

அந்த நேரம் மணி அடித்துவிட்டது. தப்பித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு ஆசிரியர் ஓய்வறையில் இருந்து யோசித்துப் பார்த்தபோது எங்களுக்கே வெட்கமாக இருந்தது. எத்தனை வருடமாக இந்தக் கதையைப் படிப்பித்திருக்கிறோம்! 1883 ஜனவரியில் கப்பலில் வந்து கொழும்பில் இறங்கினார், அவரோடு ஆறு பாஷாக்கள் வந்தார்கள், சோனக சமூகம் துறைமுகத்தில் திரண்டு வரவேற்றது, சித்தி லெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் அவரோடு சேர்ந்து கல்விக்காக உழைத்தார்கள், 1892 இல் மருதானையில் ஸாஹிரா பிறந்தது, நம்மவர்கள் துருக்கித் தொப்பியை விரும்பி அணியத் தொடங்கினார்கள். 1905 இல் அப்துல் காதர் அப்புக்காத்து அந்தத் தொப்பியோடு நீதிமன்றத்தில் நிற்கக் கூடாது என்று பிரதம நீதியரசர் சொன்னபோது, மருதானைப் பள்ளிவாசலில் ஊரே கூடியது. எல்லாம் உண்மை. ஆனால் அவர் ஏன் இங்கே வந்தார், யாரிடம் தோற்று வந்தார் என்ற இடத்தை "ஆங்கிலேயர் தோற்கடித்தனர்" என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம்.

அந்த இரண்டு சொல்லுக்குள் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எகிப்தின் இராணுவத்தில் பெரிய பதவிகளெல்லாம் துருக்கிய, சர்க்காசிய வம்சத்தவர்களுக்கே போய்க்கொண்டிருந்த காலத்தில், ஷர்கிய்யா மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து கேணல் ஆனவர் ஒராபி. 1881 செப்டம்பரில் அப்தீன் மாளிகை முன்னால் படையோடு போய் நின்று உரிமை கேட்டார். அடுத்த வருடம் யுத்த அமைச்சரானார். எகிப்து கடனில் மூழ்கி, அதன் கஜானாவை ஐரோப்பியர் மேற்பார்வை செய்துகொண்டிருந்த நேரம் அது. 1882 ஜூலை 11 இல் பிரித்தானியக் கப்பல்கள் அலெக்சாந்திரியாவைக் குண்டு வீசித் தகர்த்தன. ஓகஸ்டில் சுயெஸ் கால்வாயைப் பிடித்து, இஸ்மாயிலியாவில் படையை இறக்கினார்கள். செப்டம்பர் 13 விடியற்காலை, இரவோடு இரவாகப் பாலைவனத்தில் நடந்துவந்து தெல் எல் கபீரில் இருந்த ஒராபியின் அரணைத் தாக்கினார்கள். அந்தப் பெயருக்கு 'பெரிய மேடு' என்றுதான் பொருள். சண்டை ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. பிரித்தானியர் பக்கம் இறந்தவர்கள் 57 பேர். எகிப்தியர் பக்கம் ஏறத்தாழ 2000 பேர் என்று கணக்கிடுகிறார்கள்.

ஜெனரல் வூல்ஸ்லியின் அந்தப் படையில், மக்பர்சன் என்ற தளபதியின் கீழ் இந்தியாவிலிருந்து வந்த ஒரு பிரிவும் இருந்தது. 20ஆம் பஞ்சாப் படை, 29ஆம் பலூச்சிப் படை, 7ஆம் வங்காளக் காலாட்படை, வங்காளக் குதிரைப்படைகள் மூன்று. மகன் காட்டிய சித்திரத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான். பலூச்சிப் படையில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். பஞ்சாப் படையிலும் குதிரைப்படையிலும் சீக்கியர், இந்துக்களோடு முஸ்லிம்களும் கணிசமாக இருந்தார்கள். நன்னீர்க் கால்வாயின் தென்கரையால் முன்னேறிய இந்தியப் பிரிவு, அன்று பின்னேரமே ஸகாஸீக் நகரைப் பிடித்தது. அது ஒராபி பிறந்த கிராமத்துக்குப் பக்கத்து நகரம். மறுநாள் கெய்ரோவுக்குள் நுழைந்த குதிரைப்படையிலும் இந்தியர் இருந்தார்கள். இவர்களை அனுப்பிய செலவில் ஒரு பகுதியை இந்திய மக்களின் வரிப்பணத்திலிருந்தே எடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. அந்தப் பிரிவில் மதராஸ் சப்பர்ஸ் என்ற பொறியியல் படையினரும் போனார்கள். பாலம் கட்டுவது, பாதை வெட்டுவது, தண்ணீருக்கு வழி பார்ப்பது அவர்களுடைய வேலை. 'தெல் எல் கபீர்' என்ற பெயர் இன்றைக்கும் அந்தப் படையின் யுத்த விருதுகளில் இருக்கிறது. அதில் இருந்தவர்கள் தமிழரும் தெலுங்கரும்; இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள். ஆக, ஒராபி பாஷாவின் அரணுக்கு எதிரே அன்று தமிழ் பேசியவர்களும் நின்றார்கள். நான்கு மாதம் கழித்து அவர் வந்து இறங்கிய ஊரில் அவரை வரவேற்றவர்களும் தமிழ் பேசியவர்கள்தான்.

இதைப் பள்ளிவாசலில் ஒரு பெரியவரிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. "இதையெல்லாம் ஏன் தோண்டுறீங்க? பிள்ளைகளுக்கு நம்ம ஆக்கள்மேல இருக்கிற மரியாதையும் போயிடும்" என்றார். அவர் மீது எங்களுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் இந்த விடயத்தில் அவரோடு உடன்பட முடியவில்லை. பிள்ளை கேட்ட கேள்விக்கு நாம் பதில் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். "முஸ்லிமே முஸ்லிமைக் கொன்றான்" என்று ஒரே வரியில் இணையத்தில் சொல்லித் தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

இளைய ஆசிரியர் ஒருவரோ நேர்மாறாக, "அவங்க துரோகிகள், அப்படியே எழுதுங்க" என்றார். அதுவும் எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

அந்தச் சிப்பாயின் இடத்தில் நின்று பாருங்கள். காணி போதாத குடும்பத்தில் இரண்டாவது, மூன்றாவது மகன். மாதச் சம்பளம், கடைசியில் ஓய்வூதியம், ஊரில் ஒரு மரியாதை. எங்கே அனுப்புகிறார்கள், எதற்கு அனுப்புகிறார்கள் என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. அதற்கு மேல், சண்டைக்கு முந்திய நாட்களில் இஸ்தான்புல்லிலிருந்து சுல்தான் அப்துல் ஹமீதே ஒராபியைக் கலகக்காரர் என்று அறிவித்துவிட்டார். கலீபாவின் வாயிலிருந்தே அப்படி வந்த பிறகு, எழுத வாசிக்கத் தெரியாத ஒரு பலூச்சிச் சிப்பாய் எதை நியாயம் என்று எண்ணியிருப்பான்? ஒராபியின் சொந்த வீரர்களே அந்த அறிவித்தலால் குழம்பிப் போனார்கள்.

துரோகி என்ற சொல் எவ்வளவு சுலபமாக இடம் மாறும் என்பதற்கு ஒராபி பாஷாவே சாட்சி. 1901 இல் மன்னிப்புப் பெற்று எகிப்துக்குத் திரும்பியபோது, 'இவரால்தானே ஆங்கிலேயன் உள்ளே வந்தான்' என்று அவருடைய நாட்டவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெரிய கவிஞர் அஹ்மத் ஷவ்கி அவரை ஏளனம் செய்து கவிதை எழுதினார். 1911 இல் மௌத்தாகும்வரை பாஷாவுக்கு அந்தக் கசப்பு தீரவில்லை. 1952 புரட்சிக்குப் பிறகுதான் எகிப்து அவரை மீண்டும் வீரராக ஏற்றுக்கொண்டது. அவரோடு வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகவே இல்லை. இந்த மண்ணிலேயே அடங்கினார்கள்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறோம், கோபிக்க வேண்டாம். 1915 கலவரத்தில் நம்முடைய கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் போட்டுப் பஞ்சாப் படையினரை இறக்கினார்கள். நம் மூத்தவர்களுக்கு அந்தத் தலைப்பாகைகள் பாதுகாப்பு. சிங்கள அயலவர்களுக்கோ அவை விசாரணையில்லாமல் சுட்ட கை. பொரளைக்காரர்களாகிய நாம் தினமும் கடந்துபோகும் வெலிக்கடைச் சிறைக்குள், அந்த வருடம் ஜூலை 7 இல் ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்றே இன்று எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரே சிப்பாய்தான். ஒரு தெருவில் காவலன், அடுத்த தெருவில் கொலைகாரன். சம்பளம் கொடுத்தவன் மட்டும் இரண்டு தெருவுக்கும் ஒருவனே.

மறுத்தவர்களும் இருந்தார்கள். அதே 1915 பெப்ரவரியில், சுயெஸ் கால்வாயைத் தாக்கிய துருக்கியப் படையை இந்தியச் சிப்பாய்கள் தடுத்து நின்றார்கள். அந்த மாதம் 15 ஆம் திகதி சிங்கப்பூரில், முஸ்லிம்களைக் கொண்ட 5ஆம் காலாட்படையினர் பலர் கலகம் செய்தார்கள். கலீபாவின் படைக்கு எதிராகத் தங்களைக் கப்பலேற்றப் போகிறார்கள் என்ற வதந்தி அதற்கு ஒரு காரணம். 47 பேரைச் சிறை மதிலோடு நிறுத்தி, ஊர் பார்க்கச் சுட்டார்கள். மறுப்பதற்கு அதுதான் விலை. அந்த விலையைத் தெரிந்துகொண்டுதான் மற்றவர்களை நாம் எடைபோட வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் மறுபடியும் அதே பாலைவனம். தெல் எல் கபீர் பிரித்தானியரின் மாபெரும் ஆயுதக் கிடங்காகவும் வைத்தியசாலைத் தளமாகவும் மாறியது. 1940 டிசம்பரில் சீதி பர்ரானியில் இத்தாலியரை முறியடித்ததில் இந்திய 4ஆம் டிவிஷனுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த டிவிஷனின் பொறியியல் பிரிவுகளில் மதராஸ் சப்பர்ஸ் மீண்டும் இருந்தார்கள். மணலுக்குள் புதைத்த கண்ணிவெடிகளைத் தேடி எடுப்பதும் அவர்கள் வேலையாயிற்று. 1942 மே மாதக் கடைசியில் பீர் ஹக்கீமில் ரோமலைப் பதினைந்து நாள் மறித்துவைத்த பிரெஞ்சுப் படையிலும் ஆபிரிக்கரும் பசிபிக் தீவினரும் இருந்தார்கள். ஜூலை 1 இல் அலமெய்னுக்குப் பக்கத்தில், தெய்ர் எல் ஷைன் என்ற பள்ளத்தில், அவசரமாகக் கொண்டுவந்து இறக்கப்பட்ட இந்திய 18ஆம் பிரிகேட் ரோமலை ஒரு முழு நாள் தடுத்துவிட்டு அழிந்தது. அந்த ஒரு நாள் அலமெய்ன் அரணுக்கு மிகவும் தேவைப்பட்ட நாள். ஆனால் படங்களில் நாம் பார்ப்பது மொன்ட்கொமரியையும் ரோமலையும்தான்.

அலமெய்ன் மையவாடியில் 7000க்கும் மேற்பட்ட கப்றுகள். 800க்கும் அதிகமானவற்றில் பெயர் இல்லை. உடல் தகனம் செய்யப்பட்ட 600க்கும் மேற்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு நினைவிடம்.

இலங்கையர் போகவில்லையா என்று கேட்பீர்கள். முதலாம் போரில், 1914 இல், இங்கிருந்து எகிப்துக்கு அனுப்பிய படை தோட்டத் துரைமார்களின் படை. அதில் நமக்கு இடமில்லை. இரண்டாம் போரில் இலங்கையர் பலர் பிரித்தானிய இராணுவத்தின் போக்குவரத்து, பொறியியல், தொழிற்படைப் பிரிவுகளில் சேர்ந்து மத்திய கிழக்குக்குப் போனார்கள். லொறி ஓட்டினார்கள், சாமான் ஏற்றி இறக்கினார்கள். துப்பாக்கி பிடித்தவனுக்கே பெயர் இல்லாத இடத்தில் லொறி ஓட்டியவனுக்கு எங்கே பெயர்? வேறு திசையில் கொக்கோஸ் தீவுக்கு அனுப்பப்பட்ட இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் 1942 மே மாதம் கலகம் செய்தார்கள். கிரேஷன் பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் அந்த ஓகஸ்டில் தூக்கிலிடப்பட்டதும் நம்முடைய வெலிக்கடையில்தான்.

'நம்மவர்கள் வெள்ளைக்காரனுக்குச் சண்டை பிடிக்கவில்லை' என்று சிலர் சொல்கிறார்கள். கொம்பனித்தெருவில் ரைபிள் வீதி என்ற பெயர் எங்கிருந்து வந்தது? 1873 இல் கலைக்கப்படும்வரை சிலோன் ரைபிள் படையின் முதுகெலும்பாக இருந்தவர்கள் மலாய் முஸ்லிம்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் படிக்கிறார்கள்.

இதையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. 2024 இல் இந்த நாட்டில் என்ன நடந்தது? இராணுவத்திலிருந்து விலகிய எத்தனையோ பேர், நல்ல சம்பளம் என்று தரகர்கள் சொன்னதை நம்பி ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் போய் முன்னரங்கில் மாட்டிக்கொண்டார்கள். சிலர் ஜனாஸாவாகக்கூடத் திரும்பவில்லை. அந்த வருடம் செய்தியைப் பார்த்து அவர்களைத் துரோகிகள் என்று நம் வீடுகளில் யாரும் சொல்லவில்லை. "பாவம், கடன்காரன், பிள்ளை குட்டிக்காரன்" என்றுதான் சொன்னோம். 1882 இல் கப்பலேறிய பலூச்சிக்கும் அதே வார்த்தையைக் கொடுத்தால் என்ன?

அடுத்த நாள் வகுப்பில் அந்த மகனைக் கூப்பிட்டுச் சொன்னோம்: ஆம், அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், தமிழ் பேசியவர்களும் இருந்தார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப அவங்கட பேரும் போடணுமா சேர்?" என்று கேட்டான். பெயர்கள் கிடைக்காது, படைப்பிரிவின் பெயரைப் போடு என்றோம். சித்திரத்தைக் கழற்றவில்லை. ஒராபி பாஷாவின் படத்துக்குக் கீழே, கொஞ்சம் சரிவாக, அது இப்போதும் ஒட்டியிருக்கிறது.

ஒரு வேண்டுகோள். பொரளை, மருதானை, தெமட்டகொடை, கொம்பனித்தெருப் பக்கம் உள்ளவர்களே, உங்கள் மூத்தவாப்பாவோ அவருடைய வாப்பாவோ யுத்த காலத்தில் எகிப்து, பலஸ்தீன், லிபியாப் பக்கம் போயிருந்தால், படையிலிருந்து விலகிய பத்திரம், பதக்கம், ஒரு போட்டோ, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, எங்களுக்குக் காட்டுங்கள். வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டதும் அன்றைக்கே திருப்பித் தருவோம். மதம், இனம் பார்க்க வேண்டாம், அயல்வீட்டு சிங்கள, தமிழ், பறங்கிக் குடும்பங்களிடமும் கேட்டுப் பாருங்கள். பழைய அலுமாரிகளைத் துப்புரவு செய்யும் வீடுகளில் இப்படியான கடதாசிகள்தான் முதலில் குப்பைக்குப் போகின்றன.