கிண்ணத்தை மூடினா பாட்டுக்கு மூச்சு முட்டுமா?

"நல்ல ஹெட்போனா ஒண்ணு சொல்லுங்க பாஸ்"னு யாராவது கேட்டுட்டா போதும், ஓபன் பேக் வாங்குன்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்ற கூட்டம் ஒண்ணு இருக்கு. "பாட்டு கேட்க அதான் சார் சரி. க்ளோஸ்டு பேக் எல்லாம் ஸ்டுடியோக்காரன் ரெக்கார்டிங் அப்போ மாட்டிக்கிறது. தகர டப்பாக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கும்"னு உபதேசமும் ஓசியிலேயே கிடைக்கும்.

சொல்றவங்க எந்த ஊர்ல, எந்த வீட்ல உக்காந்து பாட்டு கேட்கறாங்கன்னுதான் எனக்குப் புரியலை.

நான் இருக்கிறது துரைப்பாக்கத்துல, மூணு பேர் சேர்ந்து எடுத்த ஒரு ஃப்ளாட். தலைக்கு மேல ஃபேன் அஞ்சுல ஓடும். அதை நிறுத்தினா பாட்டு கேட்க ஆள் இருக்காது, வியர்வைதான் இருக்கும். கீழே வாட்டர் லாரி ரிவர்ஸ் எடுக்கும். பக்கத்து ரூம்ல ஒருத்தன் அமெரிக்காக்காரனோட ராத்திரி பன்னெண்டு வரைக்கும் மீட்டிங்ல இருப்பான், இன்னொருத்தன் பத்துக்கே தூங்கிடுவான். இந்த சூழ்நிலையில ஓபன் பேக் மாட்டினா என்ன ஆகும்? வெளிச் சத்தம் பூரா உள்ள வரும், என் பாட்டு பூரா வெளிய போகும். தூங்கறவன் எழுந்து வந்து கும்பிடு போடுவான்.

ஓபன் பேக் மோசம்னு சொல்ல வரலை. 1968ல சென்ஹைசர் எச்.டி 414 வந்ததுல இருந்தே அந்த வகைக்குன்னு ஒரு அழகு இருக்கு. டிரைவருக்குப் பின்னாடி காத்து தாராளமா போய் வரும், அதனால பாட்டு தலைக்கு வெளிய விரியற மாதிரி தோணும். க்ளோஸ்டு பேக்ல பின்னாடி கிளம்புற சத்தம் கிண்ணத்துச் சுவர்ல மோதித் திரும்பி வரும். அதை அடக்க உள்ளே பஞ்சு, நுரை எல்லாம் வைக்கணும். செய்யறது கஷ்டம்தான். கஷ்டம்ங்கறதுக்காக முடியாதுன்னு ஆயிடுமா?

சரி, விஷயத்துக்கு வர்றேன். கடந்த அஞ்சு வருஷத்துல சம்பளத்தைச் சேர்த்து வெச்சு வாங்கினது மூணு: சோனி எம்.டி.ஆர் 7506, ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ், பேயர்டைனமிக் டி.டி 770 ப்ரோ (80 ஓம்). மூணுமே வயரோட வர்றது, மூணுமே ரொம்ப நாளா மார்க்கெட்ல இருக்கிறது. 7506 வந்தது 1991ல, அதாவது நான் பொறக்கறதுக்கு முன்னாடி. டி.டி 770 குடும்பம் அதுக்கும் மூத்தது, 80கள்ல ஆரம்பிச்சது. எம்50எக்ஸ்தான் சின்னப் பையன், 2014.

ஒப்பிட்ட கதைக்கு முன்னாடி, எப்படி ஒப்பிட்டேன்னு சொல்லியாகணும். ஏன்னா நெட்ல கொட்டிக் கிடக்கிற "இதை விட அது சூப்பர்" ரிப்போர்ட் முக்கால்வாசி இந்த இடத்துலதான் புஸ்ஸுனு போகுது. ரெண்டு ஹெட்போன்ல எது கொஞ்சம் சத்தமா பாடுதோ அதுதான் நல்லா இருக்கிற மாதிரி காதுக்குத் தோணும். ஒரே ஒரு டெசிபல் கூட இருந்தாலும் போதும், "சத்தம் ஜாஸ்தி"ன்னு மூளை சொல்லாது, "தெளிவா இருக்கு, உயிரா இருக்கு"ன்னுதான் சொல்லும். கடைக்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும். ஒரு பெரிய கடையில எனக்கு விலை கம்மியானதை சாதாரண வால்யூம்ல போட்டுக் காமிச்சுட்டு, விலை கூடினதை மாட்டும்போது ஆமை மாதிரி ரெண்டு பாயிண்ட் ஏத்தினாரு ஒரு அண்ணன். நான் ஃபோனை கையில வாங்கி இறக்கி வெச்சதும் அவருக்கு முகமே சரியில்லை.

இந்த மூணுக்கும் ஒரே வால்யூம் வெச்சா ஒரே சத்தம் வராது. கணக்கு சின்னதுதான். எம்50எக்ஸ் 38 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 99 டெசிபல். டி.டி 770 80 ஓம், 96 டெசிபல். ஒரு வோல்ட் கொடுத்தா முதலாவது சுமார் 113 டெசிபல் கத்தும், ரெண்டாவது 107. ஆறு டெசிபல் வித்தியாசத்தோட உக்காந்து எது நல்லா இருக்குன்னு தீர்ப்பு சொன்னா அது தீர்ப்பில்லை, தமாஷ்.

நான் செஞ்ச வேலை பழைய சி.டி வேலை. வீட்ல வீணாப் போன சி.டி ஒண்ணு எடுத்து, ஹெட்போன் கிண்ணத்து மேல காது மாதிரி அமுக்கி வெச்சேன். நடுவுல இருக்கிற 15 மில்லிமீட்டர் ஓட்டையில ஃபோன் மைக். நடு ஸ்வரங்கள் மட்டும் இருக்கிற இரைச்சல் ஒண்ணை ஓடவிட்டு, மூணும் ஒரே அளவு காட்டற வரைக்கும் வால்யூமைத் திருத்திக் குறிச்சுக்கிட்டேன். லேப் அளவுக்குத் துல்லியம் கிடையாது. ஆனா கைக்கு வந்தபடி திருகறதுக்கு இது எவ்வளவோ மேல்.

இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. எதை மாட்டியிருக்கோம்னு தலைக்குத் தெரிஞ்சுடும். ஒண்ணு கவ்வும், ஒண்ணு மெத்துனு இருக்கும், ஒண்ணு கனக்கும். கண்ணைக் கட்டினாலும் பிரயோஜனம் இல்லை. ஹார்மன் கம்பெனியில ஷான் ஆலிவ் குழு 2013 வாக்குல இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பல ஹெட்போன்களோட ஒலித்தன்மையை அளந்து, ஒரே ஹெட்போன்ல ஈக்வலைசர் மூலமா ஒவ்வொண்ணையும் நடிக்க வெச்சாங்க. கேட்கறவனுக்கு பிராண்டும் தெரியாது, விலையும் தெரியாது. நமக்கு அந்த வசதி இல்லாததால, நான் ஒவ்வொண்ணையும் ஒரு வாரம் தனியா மாட்டி, அதுக்கப்புறம்தான் மாத்தி மாத்திக் கேட்டேன்.

கேட்டது என்னன்னா, எனக்குப் பிடிச்சதுதான். 80கள் ராஜா, 90கள் ரகுமான், கூட கொஞ்சம் கச்சேரி. விமர்சகருங்க போடற ஜாஸ் பாட்டு எல்லாம் எனக்கு மனப்பாடம் கிடையாது. தெரியாத பாட்டை வெச்சு தெரியாத ஹெட்போனை எடை போடறது எப்படின்னு எனக்குத் தெரியலை.

முதல்ல பேஸ். ராஜா பாட்டுல பேஸ் கிட்டார் பாட்டுக்குப் பின்னாடி தனியா இன்னொரு பாட்டு பாடிக்கிட்டே போகும். சசிதரன் வாசிச்ச அந்த வரிகளுக்காகவே பாட்டைத் திரும்பக் கேட்கறவங்க நம்மில் நிறைய. பேஸ் கிட்டாரோட அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். எம்50எக்ஸ்ல இது கொழுத்து நிக்குது. கேட்டவுடனே "அடடா!"ன்னு இருக்கும். நாலு பாட்டு கழிச்சு, எல்லா ஸ்வரமும் ஒரே கனத்துல உருளற மாதிரி எனக்குப் பட ஆரம்பிச்சுது. மிருதங்கத்துல தொப்பிப் பக்கம் கையை அழுத்தி இழுக்கும்போது ஒரு குமுக்கி வருமே, அது வழுக்கிக்கிட்டு மேல ஏறணும். எம்50எக்ஸ்ல ஏறுது, ஆனா பட்டுப் புடவை கட்டிக்கிட்டு மாடிப்படி ஏறுற மாதிரி ஏறுது. 7506ல பேஸ் அளவு கம்மி, ஆனா ஸ்வரம் ஸ்வரமா எண்ணலாம். டி.டி 770ல ரொம்ப அடியில இருந்து ஒரு அதிர்வு வரும், ரகுமான் பாட்டுக்கு அது அமிர்தம்.

அடுத்து குரல். இங்கதான் 7506 ஜெயிக்குது, இங்கயேதான் தோக்குது. ஜானகியம்மா மூச்சு இழுக்கறது, ஒரு எழுத்தை உதட்டோரத்துல விட்டுட்டுப் போறது, பழைய டேப்போட சன்னமான இரைச்சல், எல்லாம் பூதக்கண்ணாடி வெச்ச மாதிரி தெரியும். அதே பூதக்கண்ணாடி "ச", "ஸ" எல்லாத்தையும் ஊசியாக்கி காதுல செருகும். முக்கால் மணி நேரத்துக்கு மேல என்னால முடியாது. டி.டி 770ல குரல் ரெண்டடி பின்னாடி நிக்கும், ஜால்ராவும் ஹைஹாட்டும் ரெண்டடி முன்னாடி நிக்கும். 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல அதுக்கு ஒரு மேடு இருக்கு, அளந்து பார்த்தவங்க எல்லாரும் வரைஞ்சு வெச்சிருக்காங்க. ஈக்வலைசர்ல அந்த இடத்தை நாலு டெசிபல் இறக்கினா ஆளே மாறிடுது. "ஈக்வலைசர் போட்டா பாவம்"னு சொல்ற சுத்த பத்தக்காரங்க இருக்காங்க. அவங்க சாம்பாருக்கும் உப்பு சரி பார்க்க மாட்டாங்க போல :-)

என் தீர்ப்பு: தினசரி ரெண்டு மணி நேரம் கேட்க, அந்த ஒரு மேட்டை இறக்கின டி.டி 770. எம்50எக்ஸ் எனக்கு மூணாவது. நெட்ல அதுக்குத்தான் கோயில் கட்டியிருக்காங்க, கோச்சுக்காதீங்க.

ஆனா ஒண்ணு, இந்த வரிசை என் தலைக்கு. கண்ணாடி போடறவங்களுக்கு வேற வரிசை வரலாம். க்ளோஸ்டு பேக்ல பேஸ் எல்லாம் காதுக்கும் மெத்தைக்கும் நடுவுல அடைபட்ட காத்துலதான் இருக்கு. கண்ணாடிக் காம்பு ஒரு சின்ன இடைவெளி விட்டாலும் சைக்கிள் ட்யூப்ல முள்ளு ஏறின மாதிரிதான், அடி ஸ்வரம் பூரா ஒழுகிடும். "எனக்கு இதுல பேஸே வரலையே"ன்னு ஒருத்தரும், "பேஸ் தாங்கலை"ன்னு இன்னொருத்தரும் ஒரே ஹெட்போனைப் பத்தி சண்டை போடறதுல ரெண்டு பேருமே பொய் சொல்லலை. தாடை, முடி, கண்ணாடி, எல்லாம் சேர்ந்துதான் சத்தம். அதனால வாங்கறதுக்கு முன்னாடி கண்ணாடியோட மாட்டிப் பாருங்க, அப்புறம் கையால கிண்ணத்தை லேசா அமுக்கிப் பாருங்க. அமுக்கினா பேஸ் திடீர்னு ஏறுதுன்னா அது உங்க தலைக்கு உக்காரலை.

விலையைப் பத்தியும் சொல்லிடறேன். 2017ல ஜெரோன் ப்ரீபார்ட்னு ஒருத்தர் 283 ஹெட்போனை அளந்து, ஒலித்தன்மைக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லைன்னு ஒரு ஆய்வுக் கட்டுரை போட்டார். முதல் சம்பளம் வாங்கின தம்பிங்க இ.எம்.ஐல நாப்பதாயிரம் ஹெட்போன் வாங்கறதைப் பார்க்கும்போது அந்தக் கட்டுரையை பிரிண்ட் எடுத்து ஆபீஸ் கேன்டீன்ல ஒட்டலாமான்னு தோணும்.

இப்ப நான் க்ளோஸ்டு பேக் பக்கம் நிக்கறதுக்கு உண்மையான காரணம். எங்கப்பா முப்பது வருஷம் பஞ்சாலையில வேலை பார்த்தவர். காதுல பஞ்சு வெச்சுக்கிட்டதோட சரி, வேற பாதுகாப்பு எதுவும் கிடையாது. இப்ப அவருக்கு சத்தம் கேட்கும், பேச்சு கேட்காது. இரைச்சல்ல அடிபட்ட காது முதல்ல 4 கிலோஹெர்ட்ஸ் சுத்துவட்டாரத்துலதான் போகும். அங்கதான் "ச"வா "த"வாங்கறது எல்லாம் இருக்கு. ஆடியோகிராம்ல அந்த இடத்துல பள்ளம் விழுந்த கோட்டை நானே பார்த்தேன். போனது திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு மூணு டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83னா 20, 86னா 10, 90 வந்துட்டா 4 மணி நேரம்தான். ஃபேன் இரைச்சலுக்கும் பஸ் இரைச்சலுக்கும் மேல பாட்டு கேட்கணும்னு நாம வால்யூமை ஏத்தறோம் பாருங்க, அந்த ஏத்தத்துலதான் இந்தக் கணக்கு கையை விட்டுப் போகுது. டி.டி 770 வெளிச் சத்தத்தை ஏறக்குறைய 18 டெசிபல் குறைக்கும்னு கம்பெனியே சொல்லுது. மிக்ஸி, டி.வி, பேச்சுக் குரல் எல்லாம் அடங்கும். லாரி உறுமல் மாதிரி அடி இரைச்சலுக்கு இந்த மூடி அவ்வளவா உதவாது, அதுக்கு நாய்ஸ் கேன்சலிங்தான் சரி. பஸ்ல போறவங்களுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன். வீட்ல எனக்கு மூடியே போதும். ஓபன் பேக்குல "மேடை விரியுது"ன்னு சொல்றதை நான் மறுக்கலை. அந்த விரிஞ்ச மேடையை என் ரூம் இரைச்சலுக்கு மேல கேட்க எத்தனை டெசிபல் ஏத்தணும்னுதான் கேட்கறேன். எனக்கு இன்னும் நாப்பது வருஷம் ராஜாவைக் கேட்கணும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ மூணையும் எடுத்துட்டுப் போய் அப்பாவுக்கு மாட்டிவிட்டேன். டி.டி 770க்கு தலையை ஆட்டினார். எம்50எக்ஸுக்கு "கூண்டுக்குள்ள பாடறாப்ல இருக்கு"ன்னார். 7506 மாட்டினதும், நான் முக்கால் மணி நேரத்துக்கு மேல தாங்க மாட்டேன்னு சொன்னேனே அதேதான், "இதுல வார்த்தை புரியுதுடா"ன்னார். எனக்கு ஊசியா குத்தறது அவருக்கு அந்தப் பள்ளத்தை நிரப்புது போல. பக்கத்துல உக்காந்து வால்யூமை மட்டும் நான் பார்த்துக்கிட்டேன். மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்தணும் இல்லையா. 7506ஐ அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்.

ஒரே பிரச்சினை வியர்வை. செயற்கைத் தோல் மெத்தை எந்தக் கம்பெனிக்காரன் போட்டாலும் நம்ம ஊர் வெயில்ல சீக்கிரமே கருகின அப்பளம் மாதிரி உரிஞ்சு சட்டையில ஒட்டும். துணி மெத்தை மாத்தலாம், ஆனா காத்து ஒழுகி பேஸ் குறையும். அம்மா பழைய வேட்டியில ரெண்டு உறை தைச்சு அப்பாவோடதுக்கு மாட்டியிருக்காங்களாம், ஃபோட்டோ அனுப்பினாங்க. பார்க்க தலையணை உறை மாதிரிதான் இருக்கு. அடுத்த தடவை போறப்போ சி.டியை எடுத்துட்டுப் போய் உறையோட ஒரு தடவை, உறை இல்லாம ஒரு தடவை அளக்கணும்.