ஏரும் எழுதுகோலும்

உழவர் குடியிற் பிறந்த மாணாக்கன் ஒருவன் கதையோ கவிதையோ எழுத விழைவானாயின், இரண்டு அறிவுரைகள் அவன் செவியில் விழுகின்றன. நிலத்தை விட்டு நகரஞ் சேர்ந்தாலன்றி எழுத்து வாராது என்பது ஒன்று. கிராமத்திற்குத் திரும்பினால் அமைதியும் ஓய்வும் வாய்க்கும், எழுத்துத் தானே பெருகும் என்பது மற்றொன்று. இரண்டும் பொருந்தா என்பதே எம் கருத்து.

பின்னதை முதற்கண் ஆராய்வோம். வயல் ஓய்வு தரும் என்போர் வயலை இரயில் வண்டியிலிருந்து கண்டவரேயாவர். கரிசற் காட்டு மானாவாரி உழவனுக்கு ஐப்பசி மழை பொய்த்தால் இட்ட விதை போகும். மிகுந்தால் முளைத்த பயிர் அழுகும். விளைந்த பின்னரும் சந்தை விலை வீழுமாயின் பருத்தி எடுத்த கூலிக்கும் தேறாது. வட்டி கட்டும் நாள் கவிதைக்காகக் காத்திராது.

ஆங்கில வகுப்பில் நாம் பயிலும் ஸ்காட்லாந்துப் புலவர் ராபர்ட் பர்ன்ஸ் இதற்குச் சான்றாவார். அவர் 1788 இல் எல்லிஸ்லாந்து என்னும் பண்ணையைக் குத்தகைக்கு ஏற்றார். மண் வளமற்றதாயிருந்தமையின், அடுத்த ஆண்டே தீர்வைத் துறையில் உத்தியோகமும் ஏற்றார். 1791 இல் பண்ணையைக் கைவிட்டார். ஆயினும், 'டாம் ஓ ஷாண்டர்' என்னும் புகழ்பெற்ற கதைப்பாட்டை அப்பண்ணையில் வாழ்ந்த நாளிலேயே, 1790 இல், இயற்றினார். நிலம் அவர் கையை வறிதாக்கிற்று; சொல்லை வறிதாக்கவில்லை.

இனி, முன்னதற்கு மறுமொழி நம் நாட்டிலேயே உண்டு. கோவிற்பட்டியை அடுத்த இடைசெவலில் பயிர்த்தொழில் செய்து வாழ்ந்த கி. ராஜநாராயணன், கல்லூரியிற் பயிலாதவர். முப்பது வயதைக் கடந்த பின்னரே எழுதத் தொடங்கினார். தீர்வைப் பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவு பெயர்த்தெடுக்கப்படுவதை அவர் கதையாக்கினார். கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி 1982 இல் அகராதியும் வெளியிட்டார். 1991 இல் சாகித்திய அகாதெமி பரிசு அவரை அடைந்தது. காட்டை விட்டு நீங்கிய பின்னரே எழுதுவேன் என்று அவர் காத்திருந்தனரேல், அச்சொற்களை நாம் எங்கே பெறுவோம்?

ஆகவே, இரண்டினையும் இணைக்கும் வழி யாது? நாளை இரு கூறாக்கிச் சமமாகப் பங்கிடுதல் உழவனுக்கு இயலாது. ஆண்டைப் பங்கிடுதலே தக்கது. விதைப்பிலும் அறுவடையிலும் இரவில் ஒரு வரி போதும்: ஒரு களையின் பெயர், முதியோர் வாய்ச்சொல் ஒன்று, அன்றைய விலை. கோடையில் நிலம் காய்ந்து கிடக்கும் திங்களில் அக்குறிப்புக்களை விரித்தெழுதலாம். விதைத்த மறுநாளே கதிரை நாடாத உழவன், எழுத்திலும் அப்பொறுமையைக் கைக்கொள்ளல் வேண்டும்.

ஈண்டு மறக்கலாகாதது ஒன்றுண்டு. ஒருவன் எழுதும் நாழிகையில் அவன் பங்குக் களையை வேறொருவர் எடுக்கின்றனர். பெரும்பாலும் அவர் அவன் தாய் அல்லது தமக்கை. அவர்க்கும் சொல்ல வேண்டிய கதை உண்டு, நாழிகைதான் இல்லை. தன் பங்கு வேலையைப் பிறர் தலையிற் சுமத்தி எழுதுதல் அறமாகாது.

விளைச்சல் கெட்ட ஆண்டில் எழுதுவது வீண் என்பாரும் உளர். எம் கருத்தோ வேறு. சர்க்கார் ஏட்டில் 'பயிர்ச்சேதம்' என்னும் ஒரு சொல்லில் அடங்குவது, ஒரு வீட்டில் விற்ற மாடாகவும், தடைப்பட்ட திருமணமாகவும், நின்றுபோன பள்ளிப் படிப்பாகவும் இருக்கும். அதனை அறிந்தோர் அவ்வீட்டார். எழுத வல்லவர் அவ்வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்தவர்.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் குறிப்பேடு ஒன்றை உடன் கொண்டு செல்லுங்கள். முதலில் வேலையிற் கை கொடுங்கள், பின்னர் எழுதுங்கள்.