ஆலோசகரிடம் போகுமுன்

"அந்தப் பெண் கவுன்சலிங் போகிறாளாம்" என்று சொல்லும்போது பெரியவர்களின் குரல் ஏனோ தாழ்ந்துவிடுகிறது. கண் மருத்துவரிடம் போவதைச் சொல்ல யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டு வந்தால் வகுப்பே கூடி நின்று பார்க்கிறது. மனத்துக்கு மட்டும் ஏன் இந்த இரகசியம்? "பைத்தியம்" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்தும், நாளை வரன் பார்க்கும்போது நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று பயந்தும், மகள் இரவெல்லாம் உறங்காமல் கிடப்பதைப் பெற்றோர் பார்த்துக்கொண்டே இருந்துவிடும் வீடுகள் உண்டு. பொதுத்தேர்வு எழுதப்போகும் எங்களுக்கு இது தூரத்துச் செய்தியன்று.

இன்று நகரங்களில் தனியாகத் தொழில் நடத்தும் உளநல ஆலோசகர்கள் பலர் இருக்கிறார்கள். அங்கே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும் என்பது எங்கள் கருத்து.

பெரும்பாலும் அது ஒரு வீட்டின் முன்னறையாகவோ, மாடிக் கட்டடத்தில் ஒரு சிறு அறையாகவோ இருக்கும். ஊசி இல்லை, மருந்து வாடை இல்லை. சினிமாவில் வருவதுபோல் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணெதிரே கடிகாரத்தை ஆட்டுவார்கள் என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்! எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், ஏறக்குறைய 45 அல்லது 50 நிமிடம், அவ்வளவே. பதினெட்டு வயது நிரம்பாத எங்களைப் போன்றோருக்குப் பெற்றோர் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலும் முதலில் அம்மா அப்பாவிடம் சிறிது நேரம் பேசுவார். பிறகு அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மாணவியிடம் தனியாகப் பேசுவார். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, எப்போதிருந்து இப்படி, வீட்டில் யார் யார், யாரிடம் மனம்விட்டுப் பேசுவாய் என்றெல்லாம் கேட்பார். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "இதைப் பற்றி இன்று பேச விருப்பமில்லை" என்று சொல்லலாம். (வகுப்பில் எங்களுக்கு இந்த வசதி கிடையாது.)

நல்ல ஆலோசகர் புத்திமதியை அள்ளி வழங்குவதில்லை. புத்திமதிக்கு எங்களுக்கு என்றுமே பஞ்சமில்லை; அத்தைமார், சித்திமார், பக்கத்து வீட்டார் யாவரும் தாராளமாகத் தருகிறார்கள். இவரோ கேட்கிறார். தேர்வு என்றதும் கை நடுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் மனத்தில் ஓடிய எண்ணம் என்ன என்று ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்வார். "கணக்கில் போய்விட்டால் வாழ்க்கையே போய்விட்டது" என்று எழுதியிருந்தால், அது எவ்வளவு தூரம் உண்மை என்று அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து ஆராய்வார்கள். 1960-களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வகுத்த முறை இது. மாத்திரை தேவை என்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். மருத்துவம் படிக்காத ஆலோசகர் தாமே மாத்திரை எழுதித் தரக்கூடாது.

ஒரே நாளில் குணமாகிவிடும் என்று எதிர்பார்க்கலாகாது. வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். முதல் நாள் வீடு திரும்பும்போது அழுத களைப்புத்தான் மிஞ்சலாம். அதைக் கண்டு, "இருந்ததும் கெட்டுப்போயிற்று" என்று நிறுத்திவிடுவது அவசரம். இரண்டு மூன்று முறை போன பின்பும் மனம் ஒட்டவில்லையென்றால் வேறொருவரிடம் போகலாம், அதில் தவறில்லை.

கத்தோலிக்கப் பள்ளியில் பயிலும் எங்களுக்கு ஒரு சந்தேகம் இயல்பாக எழுகிறது. இது பாவசங்கீர்த்தனம் போன்றதா? இல்லை. அங்கே பாவத்துக்கு மன்னிப்புப் பெறுகிறோம். இங்கே பாவம் என்ற பேச்சே இல்லை. பயமும் துக்கமும் பாவங்கள் அல்லவே. குருவானவர் கேட்டதை எக்காரணம் கொண்டும் வெளியிடலாகாது. ஆலோசகரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவரே. ஆனால் அதற்கு எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் பெற்றோருக்குச் சொல்வார். சிறுவர் சிறுமியரிடம் எவரேனும் தகாத முறையில் நடந்துகொண்டது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். இந்த எல்லையை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்பவரே நல்ல ஆலோசகர். சொல்லாவிட்டால் நாமே கேட்க வேண்டும்.

இங்கே பெற்றோரிடம் எங்களுக்கு ஒரு விண்ணப்பம். வாசற்படி இறங்கியதும் "என்ன கேட்டார்? என்னைப் பற்றி என்ன சொன்னாய்?" என்று விசாரிக்காதீர்கள். மகள் உங்களைக் குறை சொல்லப் போகவில்லை. ஒருவேளை சொல்லியிருந்தாலும், அதைச் சொல்ல ஓரிடம் கிடைத்ததே என்று எண்ணுங்கள். விசாரணை தொடங்கினால் அடுத்த வாரம் அவள் வாய் திறக்கமாட்டாள். கட்டிய பணமும் வீண். மாதாவுக்கு நவநாள் செய்ய வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. காய்ச்சலுக்கு ஜெபமும் செய்கிறோம், மாத்திரையும் விழுங்குகிறோம் அல்லவா?

பணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கட்டணம் எவ்வளவு, வரமுடியாமல் போனால் எப்போது தெரிவிக்க வேண்டும் என்பதையெல்லாம் தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். அதில் வெட்கம் வேண்டாம். என்ன படித்தவர் என்றும் கேட்க வேண்டும், ஏனெனில் பெயர்ப்பலகை மாட்டியவர் எல்லாரும் முறையாகப் பயின்றவர் அல்லர். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

ஆயினும் வாரந்தோறும் கட்டணம் செலுத்த எல்லாக் குடும்பங்களாலும் இயலாது. பணமுள்ள வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் தான் மனம் நோகுமா என்ன? சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். சிறுவர் உதவிக்கு 1098 இருக்கிறது. இவ்விரண்டு எண்களையும் தேர்வு அட்டவணை ஒட்டும் பலகையிலேயே, அதற்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதிவைக்குமாறு தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்.