மூளையின் இரசாயனமும் தலைப்புச் செய்தியும்

ஓட்டிசத்துக்கான காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று தலைப்பிடுவதில் எமது தமிழ் ஊடகங்களுக்கு அலாதியான விருப்பம் இருக்கிறது. மூளையின் இரசாயனம் பற்றி எங்கேனும் ஓர் ஆய்வு வெளிவந்தால் போதும். வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் அனுப்பும் ஐந்து பந்திகளில் முதல் இரண்டை மொழிபெயர்த்து, எச்சரிக்கைகள் அடங்கிய மற்றைய மூன்றையும் வெட்டிவிட்டுப் பக்கத்தை முடித்துவிடுகிறார்கள். செய்தி மேசையில் பல வருடங்களைக் கழித்தவன் என்ற முறையில் இடநெருக்கடி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால், எப்போதும் அந்தக் கடைசிப் பந்திகளே வெட்டுப்படுவதற்கு இடநெருக்கடி காரணமல்ல.

2025 ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். மூளையின் நரம்புக் கலங்களைத் தூண்டும் பிரதான இரசாயனம் குளூட்டமேட். அதற்கான ஏற்பிகளில் ஒரு வகை, ஓட்டிசம் உடையவர்களின் மூளையில் சராசரியாகக் குறைந்திருந்தது என்பதே அவர்களின் முடிவு. பெறுமதியான ஆய்வு, சந்தேகமில்லை. ஆனால், பரிசோதிக்கப்பட்டவர்கள் ஓட்டிசம் உடைய 16 பேரும் இல்லாத 16 பேரும் மாத்திரமே. அனைவரும் வளர்ந்தவர்கள். அந்த வேறுபாடு பிறவியிலேயே இருந்ததா அல்லது ஓட்டிசத்துடன் பல வருடங்கள் வாழ்ந்ததன் விளைவா என்பதை இத்தகைய ஆய்வினால் தீர்மானிக்க முடியாது.

ஒன்று குறைவு என்றால் அதைக் கூட்டுவதற்கும், கூடுதல் என்றால் அதைக் குறைப்பதற்கும் மருந்து எங்கே என்று பெற்றோர் கேட்பது இயல்பு. அவ்வாறு மருந்து கொடுத்துப் பார்த்த வரலாறும் இருக்கிறது. அதைத்தான் எவரும் எழுதுவதில்லை.

ஓட்டிசம் உடைய சில பிள்ளைகளின் இரத்தத்தில் செரொட்டோனின் அளவு உயர்ந்திருப்பதை 1961 இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் கண்டனர். பின்னைய ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தின. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கு அந்த உயர்வு காணப்படுகிறது. மற்றைய முக்கால் பங்கினருக்கு இல்லை என்பதும் அதே கணக்குத்தான். மேலும், இரத்தத்தில் உள்ள செரொட்டோனின் பெரும்பாலும் குடலில் உற்பத்தியாவது. அது மூளைக்குள் நுழைவதில்லை. இருந்தும் என்ன நடந்தது? பசியைக் குறைப்பதற்காக விற்கப்பட்ட பென்ஃபுளூரமின் என்ற மருந்து செரொட்டோனினைக் குறைக்கும் என்பதனால், அதை மூன்று சிறுவர்களுக்குக் கொடுத்து நல்ல மாற்றம் கண்டதாக 1982 இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. மூன்றே மூன்று சிறுவர்கள்! அதன் பின்னர் நடந்த பெரிய பரிசோதனைகளில் இரத்தத்தின் செரொட்டோனின் அளவு சொன்னபடி இறங்கியது. பிள்ளைகளின் நிலையில்தான் எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை. இதய வால்வுகளைப் பாதிக்கிறது என்று 1997 இல் அந்த மருந்து சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. (மிக அரிய வலிப்பு நோயொன்றுக்காக 2020 இல் அது மீண்டும் அனுமதி பெற்றது வேறு கதை.)

அடுத்ததாக செக்ரட்டின். அது ஒரு குடல் ஹோர்மோன். 1998 இல் மறுபடியும் மூன்று பிள்ளைகள், மறுபடியும் ஓர் அறிக்கை. பெற்றோர் மருந்தைத் தேடி அலைந்தனர். மறு வருடமே 60 பிள்ளைகளிடம் முறையாகப் பரிசோதித்தபோது அது வெறும் உப்பு நீரை விடச் சிறந்ததல்ல என்று தெளிவாயிற்று. அந்த முடிவைக் கேட்ட பின்னரும், பரிசோதனையில் பங்குபற்றிய பெற்றோரில் 69 வீதமானோர் தமது பிள்ளைக்குச் செக்ரட்டினில் நாட்டம் உண்டு என்றே கூறினர். அவர்களைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. நம்பிக்கையை முதற்பக்கத்திலும் மறுப்பை உட்பக்கத்தின் மூலையிலும் அச்சிட்டவர்களைப் பற்றித்தான் என் பேச்சு.

ஒக்ஸிடோசின், பியுமெட்டனைட் ஆகிய இரண்டும் 2021 இல் பெரிய பரிசோதனைகளில் தோற்றன. உலோக நச்சை அகற்றுகிறோம் என்று நரம்பில் ஏற்றிய மருந்தினால் 2005 இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான்.

இதனால் மூளை இரசாயன ஆய்வே வீண் என்று வாதிடுபவன் அல்ல நான். அந்த ஆய்வுக்குத் தாய்மார் கடமைப்பட்டவர்கள். 1943 இல் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியதற்குப் பிந்திய காலத்தில், பாசமற்ற தாயினாலேயே பிள்ளை இப்படியானது என்ற கொடிய பழி பரவியது. புரூனோ பெட்டல்ஹைம் 1967 இல் ஒரு நூலே எழுதி அதைப் பிரபலமாக்கினார். ஓட்டிசம் உடைய மகனின் தந்தையான உளவியலாளர் பேர்னார்ட் ரிம்லண்ட் 1964 இலேயே, இது உடலியல் சார்ந்தது, வளர்ப்பின் குற்றமல்ல என்று எழுதியிருந்தார். அதே ரிம்லண்ட்தான் பின்னாளில் பெருமளவு விற்றமின் பி6 கொடுக்கும்படி பிரசாரம் செய்தார். பழியிலிருந்து தாயை மீட்ட அதே வாதம், அவளைக் கடைக்காரரிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

இப்போது அந்தக் கடையை அரசாங்கங்களே திறக்கின்றன. 2025 செப்டெம்பரில் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ட்ரம்ப் முன்னிலையில், மூளைக்குப் போதிய ஃபோலேட் சேராத பிள்ளைகளுக்கென லூகொவொரின் என்ற மருந்து முன்வைக்கப்பட்டது. அதற்கு ஆதாரமாக இருந்தவை சிறிய பரிசோதனைகளே. ஓட்டிசத்துடன் வரும் கடும் எரிச்சலைத் தணிக்க ரிஸ்பெரிடோன் 2006 இலும் அரிபிப்ரஸோல் 2009 இலும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டன. அவையும் எரிச்சலுக்கான மருந்துகளே அன்றி ஓட்டிசத்துக்கானவை அல்ல.

வவுனியாவில் இருந்தாலும் ரொறன்ரோவில் இருந்தாலும், தமிழில் பேச்சுச் சிகிச்சை அளிக்கக்கூடியவரைத் தேடிக் காத்திருக்கும் குடும்பம், அடுத்த மாதம் மாத்திரை வருமாம் என்று ஒரு தலைப்பை நம்பி அந்த வரிசையை விட்டு விலகினால் யார் பொறுப்பு? எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள், அவர்கள் பிள்ளைகளா பெரியவர்களா, மருந்து கொடுத்துப் பார்த்தார்களா அல்லது அளந்து மட்டும் பார்த்தார்களா என்ற விபரங்கள் தலைப்பை அடுத்த முதற் பந்தியிலேயே இடம்பெற வேண்டும் என்பதே ஆசிரியர்களிடம் நான் கேட்பது. அதற்கு இடமில்லையென்றால் செய்தியையே விட்டுவிட்டு, பக்கத்து வைத்தியசாலைக்குப் பேச்சுச் சிகிச்சையாளர் எந்த நாட்களில் வருகிறார் என்ற தகவலை அந்த இடத்தில் போடட்டும்.